தீப்பாசறையில் ஒரு வெள்ளை இனிப்பும் நாங்கள் விட்ட பிழையும்



கொஞ்சம் நீளமான பதிவு. வண்ணாத்திவில்லுப் பெற்றோருக்காக எழுதுகிறோம். குறிப்பாக, மகளை அடுத்த பாசறைக்கு அனுப்புவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிற உம்மா வாப்பாமாருக்காக. "நாங்கள்" என்று எழுதுவதற்குக் காரணம், பாடசாலையில் சாரணியத்துக்குப் பொறுப்பாக இருக்கிற ஆசிரியைகள் நாங்கள் இரண்டு பேர். பிழையை இரண்டு பேரும் சேர்ந்துதான் விட்டோம். அதனால் இருவர் சார்பிலும் இந்தப் பதிவு.

நடந்தது என்னவென்று வட்ஸ்அப் குழுக்களில் நாலு விதமாகப் போய்விட்டது. ஆகவே முதலில் உள்ளதை உள்ளபடி சொல்லிவிடுகிறோம்.

கடந்த விடுமுறையில் பல பாடசாலைகள் சேர்ந்து நடத்திய பாசறை. சிங்களப் பிள்ளைகள், தமிழ்ப் பிள்ளைகள், நமது பிள்ளைகள் எல்லோரும் இருந்தார்கள். இரவு தீப்பாசறை. பாட்டு முடிந்தது, நாடகம் முடிந்தது, நெருப்பு அடங்கித் தணலாகிவிட்டது. அப்போது ஒரு சிங்களப் பாடசாலைப் பிள்ளை பையிலிருந்து ஒரு பக்கற்றை எடுத்தாள். வெளிநாட்டிலிருக்கும் பெரியம்மா அனுப்பியதாம். உள்ளே பஞ்சு போல வெள்ளைக் கட்டிகள். மார்ஷ்மெலோ. அதைக் குச்சியில் குத்தித் தணலுக்கு மேலே பிடித்துச் சுற்றினாள். வெளியே பொன்னிறமாகி உள்ளே இளகியதும், இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் ஒரு சொக்லட் துண்டோடு வைத்து அமுக்கினாள். சொக்லட்டும் சேர்ந்து உருகியது. "ஸ்மோர்ஸ்! ஸ்மோர்ஸ்!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். எல்லோரும் யூடியூபில் பார்த்திருக்கிறார்கள், சாப்பிட்டவர்கள் யாருமில்லை.

முதலாவதாகச் செய்ததை அந்தப் பிள்ளை தான் சாப்பிடவில்லை. பக்கத்தில் இருந்த எங்கள் தரம் 8 பிள்ளையின் கையில் கொடுத்தாள்.

எங்கள் பிள்ளை ஒரு கடி கடித்த பிறகுதான் எங்களுக்கு உறைத்தது, மார்ஷ்மெலோ என்றால் ஜெலட்டின் என்று. "துப்பு! பன்றி அது! துப்பு!" என்று கத்திவிட்டோம். நூறு பிள்ளைகளுக்கு முன்னால். அவள் துப்பினாள். வட்டம் முழுக்க அமைதி. கொடுத்த பிள்ளைக்குத் தமிழ் விளங்காது. ஆனால் எங்கள் முகம் விளங்கியது. தான் என்னவோ நஞ்சைக் கொடுத்துவிட்டதாக நினைத்து அவள் அழத் தொடங்கினாள். அவளுடைய டீச்சர் எங்களிடம் வந்து மன்னிப்புக் கேட்டார். மன்னிப்புக் கேட்க வேண்டியவர்கள் யாரென்று இப்போது யோசித்தால் வெட்கமாக இருக்கிறது.

அதற்குப் பிறகுதான் பக்கற்றைக் கையில் எடுத்துப் படித்தோம். "ஜெலட்டின்" என்று மட்டும் இருந்தது. எந்த மிருகத்தினது என்று ஒரு சொல்லும் இல்லை. மாடாக இருக்கலாம், பன்றியாக இருக்கலாம், மீனாகவும் இருக்கலாம். அதாவது, எங்களுக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோலக் கத்தியிருக்கிறோம். சந்தேகமானதை விடச் சொன்னது சரி. சொன்ன விதம் பிழை, சொன்ன நேரம் பிழை, சொன்ன செய்தியும் உறுதியில்லாதது.

அந்தப் பிள்ளை அதற்குப் பிறகு சாரணியப் பயிற்சிக்கு வரவில்லை.

ஊரில் இப்போது இரண்டு கருத்து இருக்கிறது. ஒன்று: "இதற்குத்தான் சொன்னோம், இந்தப் பாசறை, தீ, பாட்டு எல்லாம் நமக்கு வேண்டாத வேலை. பெண் பிள்ளைகளை நிறுத்துங்கள்." மற்றது: "ஒரு டொபித் துண்டுக்கு இவ்வளவு அமளியா? சின்னப் பிள்ளைதானே, விட்டிருக்கலாமே." இரண்டையும் நாங்கள் ஏற்கவில்லை. ஏன் என்று சொல்வதற்கு முன், இந்தச் சாமான் என்னவென்று விளங்கிக்கொள்வோம். தெரியாமல் கத்தியது போதும். இனித் தெரிந்து பேசுவோம்.

ஸ்மோர்ஸ் என்பது "இன்னும் கொஞ்சம்" என்று பொருள்படும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகள் வாய்க்குள் சுருக்கிச் சொன்னதால் வந்த பெயர். இதன் செய்முறை அச்சில் வந்த பழைய இடங்களில் ஒன்று, 1927இல் அமெரிக்கப் பெண் சாரணியர் வெளியிட்ட கைநூல். எட்டுப் பேருக்கான அளவு அதில் இருக்கிறது: 16 பிஸ்கட், 16 மார்ஷ்மெலோ, 8 சொக்லட். பெயர் "இன்னும் கொஞ்சம்" என்றாலும் ஒருவருக்கு ஒன்று போதும் என்று அதிலேயே புத்தி சொல்லியும் இருக்கிறார்கள். ஆக இது ஏதோ களியாட்ட விடுதியில் பிறந்த பண்டமல்ல. சாரணியப் பிள்ளைகள் நடந்து களைத்து வந்து, நெருப்பைச் சுற்றி இருந்து, ஒருவருக்கொருவர் செய்து கொடுத்த சாப்பாடு. நமது நாட்டிலும் பெண் சாரணியம் புதிதல்ல. 1917இல் கண்டியில் தொடங்கியது. நூறு வருடம் தாண்டிவிட்டது.

இதில் வைக்கிற பிஸ்கட்டுக்கும் ஒரு கதை உண்டு. அமெரிக்காவில் அதைக் "கிரஹாம்" பிஸ்கட் என்பார்கள். சில்வெஸ்டர் கிரஹாம் என்ற கிறிஸ்தவப் போதகர் 1851இல் இறந்தவர். தவிடு நீக்காத மாவைச் சாப்பிடுங்கள், இறைச்சியையும் மதுவையும் ஆசையைத் தூண்டும் சாப்பாட்டையும் விடுங்கள் என்று ஊரூராகப் பிரசங்கம் செய்தார். அவருடைய பெயரிலுள்ள பிஸ்கட்டுக்கு நடுவில்தான் இன்றைக்கு உலகத்திலேயே அதிக இனிப்பான ஒன்றை வைத்துச் சாப்பிடுகிறார்கள். மனிதன் ஆசையை அடக்கச் செய்த சாமான் ஆசைக்கே பாத்திரமாகிவிட்டது.

மார்ஷ்மெலோவின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. அந்தப் பெயர் உண்மையில் ஒரு செடியின் பெயர். சதுப்பு நிலத்தில் வளரும், செம்பருத்தி இனத்தைச் சேர்ந்த செடி. அறபியில் அதற்கு "கித்மி" என்று பெயர். மதரஸாவில் ஓதியவர்களுக்கு ஞாபகம் வரும்: மையித்துக் குளிப்பாட்டும் பாடத்தில் இலந்தை இலையோடு சேர்த்துப் பழைய பிக்ஹு நூல்கள் சொல்கிற அதே கித்மிதான். அந்தச் செடியின் வேர் வழுவழுப்பானது. தொண்டை வலிக்கு மருந்தாகக் கொடுத்தார்கள். 19ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் அந்த வேர்ச்சாற்றைச் சீனியோடும் முட்டை வெள்ளைக் கருவோடும் அடித்து மென்மையான இனிப்பாகச் செய்தார்கள். வேர்ச்சாறு எடுப்பது மெனக்கேடான வேலை. பின்னாளில் அதற்குப் பதிலாக மலிவான, விரைவான ஜெலட்டினைப் போட்டார்கள். செடி போய்விட்டது, பெயர் மட்டும் மிஞ்சியது.

ஜெலட்டின் என்றால் என்ன? மிருகங்களின் தோலையும் எலும்பையும் பதப்படுத்தி, அதிலுள்ள கொலாஜன் என்ற புரதத்திலிருந்து எடுப்பது. உலகத்தில் பெருமளவு பன்றித்தோலிலிருந்தும் மாட்டுத்தோல், மாட்டெலும்பிலிருந்தும் வருகிறது. மீன்தோலிலிருந்தும் செய்கிறார்கள். உடம்புச் சூட்டுக்கே இளகிவிடும் என்பதால்தான் மார்ஷ்மெலோ வாயில் வைத்ததும் கரைகிறது. நெருப்பில் பிடித்தால் உள்ளேயுள்ள காற்றுக்குமிழிகள் விரிந்து ஊதுகிறது, வெளியேயுள்ள சீனி கருகிப் பொன்னிறமாகிறது. பிள்ளைகளுக்கு இது விஞ்ஞானப் பாடமாகவே சொல்லிக்கொடுக்கலாம்.

மார்க்கத் தீர்ப்புச் சொல்வது எங்கள் வேலையல்ல, உலமாக்களின் வேலை. ஒரு பொருள் முற்றாக வேறொன்றாக மாறிவிட்டால் சட்டமும் மாறுமா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருப்பதைப் படித்திருக்கிறோம். ஆனால் 1986இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹு கழகம் பன்றியிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் கூடாது என்று தெளிவாகச் சொல்லிவிட்டது. நாம் பின்பற்றுகிற ஷாபிஈ மத்ஹபிலும் அதற்கு இடமில்லை. ஆகவே "ஒரு துண்டுதானே" என்கிற சகோதரர்களுக்கு எங்கள் பதில் இதுதான்: அது துண்டின் அளவு பற்றிய கேள்வியல்ல. என்ன சாப்பிடுகிறோம் என்று கேட்டுச் சாப்பிடுகிற பழக்கத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது பற்றியது. அந்தப் பழக்கம் நாளை வெளிநாட்டில் தனியாகப் படிக்கப் போகும்போதும் கூடப் போகும். சூரத்துல் பகராவின் 168ஆவது வசனம் ஹலால், தய்யிப் என்ற இரண்டு சொற்களையும் சேர்த்தே சொல்கிறது. ஆகுமானதாகவும் இருக்க வேண்டும், நல்லதாகவும் இருக்க வேண்டும்.

இனி மற்றப் பக்கத்துக்கு வருவோம். "பிள்ளை வாயில் வைத்ததைத் துப்பச் சொன்னது சரிதானே? ஹஸன் ரழியல்லாஹு அன்ஹு சின்னப் பிள்ளையாக இருக்கும்போது ஸதகாப் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டதை நபியவர்கள் துப்பச் செய்யவில்லையா?" என்று ஒரு பெரியவர் எங்களிடம் கேட்டார். நல்ல கேள்வி. புகாரியில் வருகிற ஹதீஸ்தான். ஆனால் அதை முழுதாகப் பாருங்கள். துப்பச் சொன்னவர் அந்தப் பிள்ளையின் பாட்டனார். சொன்ன சொல், சின்னப் பிள்ளைகளோடு பேசுகிற "கிஹ், கிஹ்" என்ற செல்லச் சொல். அதோடு நிறுத்தாமல், ஏன் என்ற காரணத்தையும் பிள்ளைக்கே சொன்னார்கள். இன்னொரு ஹதீஸும் இருக்கிறது. உமர் இப்னு அபீஸலமா சிறுவனாக இருந்தபோது சாப்பாட்டுத் தட்டில் கையை அங்குமிங்கும் ஓட்டினார். நபியவர்கள் அவரைத் தட்டை விட்டு எழுப்பவில்லை. பக்கத்தில் வைத்துக்கொண்டே, பிஸ்மி சொல்லி, வலது கையால், முன்னாலிருப்பதைச் சாப்பிடு என்று படிப்பித்தார்கள். அன்றிலிருந்து தான் அப்படியே சாப்பிட்டு வந்ததாக அவர் பெரியவரான பிறகு சொல்கிறார். திருத்தப்பட்ட பிள்ளை தட்டிலேயே இருந்தது.

எங்களால் திருத்தப்பட்ட பிள்ளை எங்கே? வீட்டில் இருக்கிறாள். அதுதான் வித்தியாசம்.

"அப்படியானால் பாசறையையே நிறுத்திவிடுவோம்" என்கிறவர்களுக்கும் ஒரு சொல். உங்கள் பயம் எங்களுக்கு விளங்குகிறது. புத்தளத்தில் "கேம்ப்" என்ற சொல்லுக்கு வேறொரு கருத்து இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டு வந்த எத்தனையோ குடும்பங்கள் இந்த மாவட்டத்தில், நமது வண்ணாத்திவில்லுப் பிரதேசம் உட்பட, ஓலைக் கொட்டிலில் வருடக்கணக்காக இருந்தார்கள். அந்தக் கொட்டிலில் வளர்ந்த பிள்ளைகள்தான் இன்றைக்கு உம்மாமார். "நான் பிறந்து வளர்ந்ததே கேம்பில, என்ட மகள் எதுக்கு டீச்சர் காசு கட்டிக் கேம்புக்குப் போகணும்?" என்று ஓர் உம்மா கேட்டபோது எங்களால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. அவர் பகிடிக்குத்தான் கேட்டார். ஆனால் அது முழுக்கப் பகிடியுமில்லை.

பதில் இப்போது சொல்கிறோம், தாத்தா. நீங்கள் இருந்த கேம்பில் உங்களை யாரும் விரும்பி வைக்கவில்லை. வேறு ஊர்ப் பிள்ளை உங்களைத் தேடி வந்து பக்கத்தில் இருந்து, தன் பங்கில் முதலாவதை எடுத்து உங்களுக்குத் தரவுமில்லை. உங்கள் மகளுக்கு அது கிடைக்கிறது. கூடாரம் அடிக்கத் தெரிந்து, முதலுதவி தெரிந்து, இரவில் பயப்படாமல் இருக்கத் தெரிந்து, இரண்டு நாளில் திரும்பி உங்களிடமே வருகிறாள். அதை நாம் ஒரு இனிப்புக்காக நிறுத்தக் கூடாது.

இன்னொன்றும் இருக்கிறது. 2019இல் நமது ஊரின் பெயர் எந்தச் செய்தியில் அடிபட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். வண்ணாத்திவில்லு என்றால் அந்த ஒரு செய்தியை மட்டும் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் நிறையப் பேர். அப்படியிருக்க, நமது பிள்ளையின் பக்கத்தில் வந்து இருந்து, தன் பெரியம்மா அனுப்பிய இனிப்பில் முதலாவதை நீட்டிய ஒரு பிள்ளையை நாங்கள் அழ வைத்து அனுப்பியிருக்கிறோம். அவள் வீட்டில் போய் நம்மைப் பற்றி என்ன சொல்லியிருப்பாள்? நாங்கள் அதைத்தான் அதிகமாக யோசித்தோம்.

பிழையின் வேரைத் தேடினால் அது அந்த இரவில் இல்லை. பாசறைக்கு முந்திய ஆயத்தக் கூட்டத்தில் இருக்கிறது. கூட்டத்தில் "கோழி ஹலாலா?" என்று மட்டும் கேட்டோம். அவர்களும் உடனே, முஸ்லிம் கடையில்தான் வாங்குகிறோம் என்றார்கள். அதோடு எங்கள் கடமை முடிந்துவிட்டதாக நினைத்தோம். இனிப்பு, ஜெலி, கேக்கில் போடும் கலர், சூப் கட்டி, இவற்றைப் பற்றிக் கேட்கவில்லை. கேட்டால் "இவர்களோடு பெரிய கரைச்சல்" என்று நினைப்பார்களோ என்ற கூச்சம். 2013இல் ஹலால் இலச்சினையை வைத்து நாட்டில் எழுந்த சத்தத்துக்குப் பிறகு அந்தக் கூச்சம் நம்மில் பலருக்கு இருக்கிறது. அந்த வருடம் உள்ளூர்ப் பொருட்களில் இலச்சினை கட்டாயமில்லை என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்ததும், பிறகு சான்றிதழ் வழங்கும் வேலை தனி நிறுவனத்துக்குப் போனதும் ஞாபகமிருக்கும். அதற்குப் பிறகு நாம் வெளியிடங்களில் வாயைத் திறந்து கேட்பதையே குறைத்துக்கொண்டோம். முன்கூட்டி மெதுவாகக் கேட்டிருந்தால், அந்த இரவில் கத்த வேண்டி வந்திருக்காது. பெரியவர்களின் கூச்சத்துக்கான விலையை ஒரு தரம் 8 பிள்ளை கட்டியிருக்கிறாள்.

அடுத்த முறை கேட்போம். சிங்களத்தில் ஒரு சிறு கடிதமாக எழுதி, கூட வருகிற எல்லாப் பாடசாலை டீச்சர்மாருக்கும் கொடுப்போம். "எங்கள் பிள்ளைகள் இன்னதைச் சாப்பிடமாட்டார்கள், காரணம் இது, உங்கள் பிள்ளைகளுக்குச் சாப்பிடக் கூடாதது ஏதாவது இருந்தால் எங்களுக்கும் சொல்லுங்கள்." அந்தக் கடைசி வரி முக்கியம். பௌத்தப் பிள்ளைகளில் இறைச்சி சாப்பிடாதவர்கள் இருக்கிறார்கள். இந்துப் பிள்ளைகளில் மாட்டிறைச்சி தொடாதவர்கள், வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். மாட்டு ஜெலட்டின் நமக்கு அறுத்த முறை பற்றிய கேள்வி. அவர்களில் சிலருக்கு அந்த மாடே கேள்வி. கச்சான் சாப்பிட்டால் மூச்சடைக்கிற பிள்ளை எந்த இனத்திலும் இருக்கலாம். எல்லோருக்கும் ஏதோ ஒன்று இருக்கிறது. நாம் மட்டும்தான் கரைச்சல் என்று நாமே நினைத்துக்கொள்ளத் தேவையில்லை.

வீட்டிலும் பிள்ளைகளுக்குப் பக்கற் படிக்கப் பழக்குங்கள். "ஜெலட்டின்" என்ற சொல் இருக்கிறதா என்று பார்க்கட்டும். சில பக்கற்றுகளில் ஈ441 என்ற இலக்கமாகவும் இருக்கும். "போவைன்" என்றால் மாடு, "போர்சின்" என்றால் பன்றி. மாடு என்று இருந்தாலும் ஹலால் முறையில் அறுத்ததா என்ற கேள்வி மிச்சமிருக்கிறது. அதனால் நம்பத்தகுந்த ஹலால் இலச்சினையைத் தேட வேண்டும். மலேசியா, தாய்லாந்து, துருக்கி நாடுகளில் ஹலால் மார்ஷ்மெலோ செய்கிறார்கள். சில இறக்குமதிச் சாமான்களில் உள்ளடக்கம் எழுதிய இடத்துக்கு மேலேயே விலை ஸ்டிக்கரை ஒட்டிவிடுகிறார்கள். அப்படியானதை வாங்காமல் வைத்துவிட்டு வாருங்கள். சொக்லட்டிலும் மதுச்சாரம் சேர்த்த வகைகள் இருக்கின்றன, அதையும் பார்க்க வேண்டும்.

நாங்கள் ஒரு பரிசோதனையும் செய்து பார்த்தோம். நோன்பு திறக்க நாம் காய்ச்சுகிற கடற்பாசி, அதாவது அகார், ஜெலட்டினுக்குப் பதிலாகப் பயன்படக்கூடியது. அது கடலில் வளர்கிற பாசியிலிருந்து வருவது. நமது புத்தளம் களப்பிலும் கற்பிட்டிப் பக்கத்திலும் வளர்கிற கஞ்சிப்பாசியும் அந்த வகைதான். ஆங்கிலத்தில் அதற்கு "சிலோன் மொஸ்" என்று நமது நாட்டின் பெயரையே வைத்திருக்கிறார்கள். ரஷ்யாவில் "ஸெஃபிர்" என்று மார்ஷ்மெலோ போன்ற இனிப்பை அப்பிள் கூழும் முட்டை வெள்ளைக் கருவும் அகாரும் சேர்த்துச் செய்கிறார்கள். அதைக் கேள்விப்பட்டு வீட்டில் கடற்பாசியைக் காய்ச்சி, சீனிப் பாகோடு அடித்து, வெள்ளைக் கட்டிகளாக வெட்டி எடுத்தோம். பார்க்க நன்றாகவே இருந்தது, சாப்பிடவும் நன்றாக இருந்தது. குச்சியில் குத்தி நெருப்பில் காட்டினோம். இழுபடவுமில்லை, ஊதவுமில்லை, கொஞ்ச நேரத்தில் தண்ணீராகித் தணலில் விழுந்தது. பக்கத்தில் நின்ற மகன், "உம்மா, நெருப்புக்கு நோன்பு திறக்கக் குடுத்திட்டீங்க" என்றான்.

ஆகவே நாங்கள் வேறு பக்கமாக யோசித்தோம். நெருப்பைச் சுற்றியிருந்து சுட்டுச் சாப்பிடுவது நமக்கு யூடியூப் சொல்லித்தர வேண்டிய விஷயமா? நமது மூத்தவர்கள் சேனைக் காவலுக்குப் போனவர்கள். யானை வராமல் இருக்க இரவு முழுக்க நெருப்பு எரியும். அந்தத் தணலில் சோளம் சுட்டார்கள், மரவள்ளிக்கிழங்கைச் சாம்பலுக்குள் புதைத்தார்கள், கருவாடு வாட்டினார்கள். பக்கத்துச் சேனையில் சிங்களவர் காவல் இருந்தால் அவர் கிழங்கைக் கொண்டு வருவார், நம்மவர் தேத்தண்ணி ஊற்றுவார். வண்ணாத்திவில்லில் கஜுத் தோட்டங்கள் உண்டு. கஜுக் காலத்தில் கொட்டையைத் தகரத்தில் போட்டுச் சுட்டு உடைத்துத் தின்னாத பெரியவர் யாராவது இருக்கிறாரா? (கஜு சுடுவதைப் பாசறையில் செய்யமாட்டோம். அந்தத் தோட்டிலுள்ள எண்ணெய் தீப்பற்றிச் சீறும், தோலில் பட்டால் புண்ணாக்கும், புகையும் கண்ணுக்கு ஆகாது. அது பெரியவர்களின் வேலை.)

அப்படியானால் அடுத்த பாசறைக்கு என்ன செய்யப் போகிறோம்? சாரணியத்தில் பழக்கமான இன்னொரு பண்டம் இருக்கிறது. பழுத்த வாழைப்பழத்தைத் தோலோடு நீளவாக்கில் கீறி, உள்ளே சொக்லட் துண்டுகளைச் செருகி, அலுமினியத் தாளில் சுற்றித் தணலில் ஐந்து பத்து நிமிடம் வைப்பது. பழம் குழைந்து, சொக்லட் உருகி, கரண்டியால் அள்ளி இரண்டு மேரி பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்தால், இழுபடுகிற வெள்ளைக் கட்டியைத் தவிர ஸ்மோர்ஸில் உள்ள எல்லாம் அதில் இருக்கிறது. விலையும் குறைவு. நாங்கள் வீட்டில் ஒரு முறை செய்தோம், பாத்திரத்தில் மிச்சமில்லை. நமது பிள்ளை சாப்பிடலாம், சிங்களப் பிள்ளை சாப்பிடலாம், தமிழ்ப் பிள்ளை சாப்பிடலாம். யாரும் தள்ளியிருந்து பார்க்க வேண்டியதில்லை. ஹலால் மார்ஷ்மெலோ நம்பிக்கையாகக் கிடைத்தால் அதையும் கொண்டு வரலாம், தடையில்லை.

நாங்கள் எடுத்திருக்கும் முடிவுகள் இவை:

1. ஆயத்தக் கூட்டத்திலேயே உணவுப் பட்டியல் முழுவதையும், இனிப்பு உட்பட, பார்ப்போம். கடிதம் முன்கூட்டியே போகும்.

2. தீப்பாசறை இனிப்பை நமது பாடசாலை பொறுப்பெடுக்கும். எல்லாப் பாடசாலைப் பிள்ளைகளுக்கும் நாம்தான் கொடுப்போம். வாங்குகிற கையாக மட்டும் இல்லாமல் கொடுக்கிற கையாகவும் இருப்போம்.

3. எந்தப் பிள்ளை எதைச் சாப்பிட்டாலும் எல்லோருக்கும் முன்னால் கத்தமாட்டோம். பக்கத்தில் போய்த் தோளில் கை வைத்து, மெதுவாகச் சொல்வோம். கொடுத்த பிள்ளைக்கும் அவளுடைய மொழியில் காரணம் சொல்வோம், நன்றியும் சொல்வோம்.

4. "டீச்சர், இதை நான் சாப்பிடலாமா?" என்று எந்தப் பிள்ளையும் வெட்கமில்லாமல் கேட்கப் பழக்குவோம். அதோடு "நன்றி, எனக்கு இது வேணாம், நீங்க சாப்பிடுங்க" என்பதைச் சிங்களத்தில் சொல்லவும் பழக்குவோம். இந்த ஒரு வசனம் தெரிந்திருந்தால் அந்த இரவில் இரண்டு பிள்ளைகள் அழுதிருக்கமாட்டார்கள்.

5. நெருப்பு பாடசாலை வளவுக்குள் மட்டும். காய்ந்த புல்லுள்ள இடத்தில் இல்லை, காட்டு ஓரத்தில் இல்லை. பக்கத்தில் இரண்டு வாளி தண்ணீரும் மணலும் இருக்கும். உருகிய சீனியும் சொக்லட்டும் கையில் ஒட்டினால் கொதிநீரை விட மோசமாகச் சுடும் என்பதால் ஆறவைத்துத்தான் கொடுப்போம். உம்மாமார் விரும்பினால் வந்து பக்கத்தில் இருக்கலாம்.

அந்தப் பிள்ளையின் வீட்டுக்குப் போனோம். உம்மாவுக்கு முன்னால் அவளிடம் மன்னிப்புக் கேட்டோம். டீச்சர் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதா என்று சிலர் நினைக்கலாம். எல்லோருக்கும் முன்னால் விட்ட பிழை. குறைந்தது அவளுக்கு முன்னாலாவது திருத்த வேண்டுமே. அவள் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டுக் கேட்டாள்: "டீச்சர், அது நல்லா இருந்திச்சு. அப்பிடி நெனைச்சது பாவமா?"

இவ்வளவு நாளும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டுதான் அந்தப் பிள்ளை வீட்டில் இருந்திருக்கிறாள். "இல்ல மகள். தெரியாமச் செஞ்சதுக்கு உனக்குப் பாவமில்ல. நல்லா இருந்ததெண்டு நாக்கு சொல்றதும் பாவமில்ல. பார்க்க வேண்டியது எங்கட பொறுப்பு, நாங்க பார்க்கல்ல" என்றோம். அவளுடைய உம்மா தேத்தண்ணி தந்தார். பாசறைப் படிவத்தைக் கொடுத்துவிட்டு வந்தோம். "வாப்பாட்டக் கேட்டுச் சொல்றன்" என்றிருக்கிறார். இதை எழுதும்வரை படிவம் திரும்பி வரவில்லை. வற்புறுத்தமாட்டோம். வந்தால் சந்தோசம்.

அந்தச் சிங்களப் பாடசாலை டீச்சரோடும் தொலைபேசியில் கதைத்தோம். கொடுத்த பிள்ளைக்கு எங்கள் பிள்ளைகள் ஒரு வாழ்த்து அட்டை செய்திருக்கிறார்கள். அடுத்த பாசறையில் முதலாவது வாழைப்பழம் அவளுக்குத்தான் என்று பிள்ளைகளே முடிவு செய்துவிட்டார்கள்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். உங்களிடமுள்ள படிவங்களை நிரப்பி அனுப்புங்கள். கேள்வியிருந்தால் வட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போடாமல் பாடசாலைக்கு வந்து நேரே கேளுங்கள். தோட்டத்தில் வாழைக்குலை இருப்பவர்கள் ஒரு சீப்புத் தந்தால் போதும். பிஸ்கட்டையும் சொக்லட்டையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், லேபலைப் படித்துத்தான் வாங்குவோம்.

எங்கள் பிழையை அல்லாஹ் மன்னிப்பானாக. நமது பிள்ளைகளை ஹலாலை அறிந்தவர்களாகவும், அடுத்தவர் மனம் நோகாமல் அதைச் சொல்லத் தெரிந்தவர்களாகவும் ஆக்குவானாக.

வஸ்ஸலாம்.